பூட்டு எது என்பதற்கு முன்னால்: பெங்களூரு வீட்டு ஷெட்டும் சைக்கிள்களும்

கேள்வி | 8 ஜூன் 2025, ஞாயிறு, மாலை 6.15

மாரத்தஹள்ளியில் தனி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து 8 மாதம் ஆகிறது. கேட்டுக்குள்ளே கார் நிறுத்தும் இடத்தில் என் கியர் சைக்கிள், மனைவியுடையது, பையனின் சின்ன சைக்கிள் என்று மூன்று நிற்கின்றன. போன வாரம் எதிர்வரிசையில் ஒரு வீட்டில் இரண்டு சைக்கிள் போய்விட்டது. எங்கள் ஓனர் மாடியில் இருக்கிறார், பகலில் கேட் திறந்துதான் கிடக்கும். நல்ல பூட்டாக ஒன்று வாங்கிப் போட்டால் போதும் என்பது என் எண்ணம். 1,500 ரூபாய் வரை செலவு செய்யலாம். எந்தப் பூட்டு வாங்கலாம்? கேமரா வேண்டுமா?

8 ஜூன், இரவு 10.40

தம்பி, பூட்டை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பூட்டு எதில் தொங்கப்போகிறது என்று முதலில் சொல்லுங்கள்.

நான் அல்சூர். 20க்கு 30 சைட்டில் அப்பா கட்டிய வீடு, பக்கவாட்டில் ஒரு ஷெட், மரக்கதவு. 2023 பிப்ரவரியில் ஒரு நாள் விடிகாலையில் கோலம் போட வந்த என் மனைவிதான் முதலில் பார்த்தாள். ஷெட் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பெண்ணின் கியர் சைக்கிளைக் காணோம். வாங்கி 14 மாதம், 38,000 ரூபாய்.

பூட்டு ஏழு லீவர் பூட்டு. பூட்டியது பூட்டியபடி கொண்டியோடு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலையில் அடித்திருந்த நாதாங்கியின் நாலு ஸ்க்ரூவையும் திருகிக் கழற்றி, பக்கத்து ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. விழுந்தால் சத்தம் வருமே. நாலும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்த அந்த வரிசையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவசரமே இல்லாமல் செய்திருக்கிறான்.

பீன்யா தொழிற்பேட்டையில் 26 வருஷம் ஃபேப்ரிகேஷன் வேலை பார்க்கிறவன் நான். பூட்டுக்கு 900 ரூபாய் கொடுத்தேன். அதைத் தாங்கிய ஸ்க்ரூ ஒவ்வொன்றும் முக்கால் இஞ்ச்.

9 ஜூன், காலை 7.05

ராத்திரி பாதியில் விட்டதைத் தொடர்கிறேன். இதைப் படிக்கிற எல்லோரும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். கதவைச் சாத்திப் பூட்டுங்கள். வெளியே நின்று பாருங்கள். கொண்டியிலோ நாதாங்கியிலோ ஒரு ஸ்க்ரூ தலையாவது கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் பூட்டு இருந்தும் இல்லாத கணக்குதான்.

மூடினால் ஸ்க்ரூ தலைகளைத் தானே மறைத்துக்கொள்கிற கொண்டி கடையில் கிடைக்கும். அதையும் ஸ்க்ரூவில் நிறுத்தாதீர்கள். கதவைத் துளைத்து, வெளிப்பக்கம் வழுவழுப்பான தலையுள்ள போல்ட், உள்பக்கம் வாஷரும் நட்டும் போடச் சொல்லுங்கள். இரும்புக் கதவென்றால் வெல்டிங்தான். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீல்களும் வெளியே இருக்கும். அதன் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடலாம். ஊசியின் நுனியில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் வராது.

ஷட்டர் வைத்திருப்பவர்கள் நடுப்பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் பூட்டி ஓரங்களை விட்டால், மூலையில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் தகடு வளைந்து கொடுக்கும். ஒரு ஆள் படுத்து நுழைய அவ்வளவு சந்து போதும். இரண்டு ஓரத்திலும் தரையோடு பூட்டு வேண்டும்.

11 ஜூன், இரவு 9.20

இப்போது பூட்டு. 1,500 ரூபாயையும் ஒரே பூட்டில் கொட்டாதீர்கள்.

பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு பார்ப்பதற்குக் கட்டைவிரல் தடிமன் தெரியும். உறையைச் சீவிப் பாருங்கள், உள்ளே பென்சில் தடிமனில் மெல்லிய கம்பிகளை முறுக்கி வைத்திருப்பார்கள். கேபிள் கட்டர் முன்னால் அது சில நொடிக்குக்கூடத் தாங்காது. நம்பர் பூட்டு வைத்த கேபிளும் அதே கதைதான், நம்பரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், வெட்டுவார்கள்.

சங்கிலி வாங்கினால் இரும்பைப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பட்டறையில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. சின்ன அரம் ஒன்றை எடுத்து வளையத்தின் மேல் ஒரு இழுப்பு இழுங்கள். அரம் கடித்துத் தூள் உதிர்ந்தால் ஹாக்ஸா பிளேடும் அப்படியே கடிக்கும். கண்ணாடி மேல் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் அது கடினப்படுத்திய இரும்பு. கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுத்தமான சரக்கு விற்கிறவர் முகம் சுளிக்க மாட்டார். எஸ்.ஜே.பி. ரோட்டில் நான் போகிற கடைக்காரர் அரத்தை அவரே எடுத்துக் கொடுப்பார்.

8 மில்லிமீட்டர் தடிமனில் சாதாரணச் சங்கிலி என்றால் இரண்டடி போல்ட் கட்டருக்கு ஒரே கடி. கடினப்படுத்தியது 12 மில்லிமீட்டர் என்றால் கையால் வெட்டுகிறவனுக்குப் பெரிய பாடு. இன்னொரு விஷயம் எல்லோரும் கோட்டை விடுவது: சங்கிலி தரையில் புரளக் கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையின் மேல் முழு உடம்பு பாரத்தையும் போட்டு அமுக்கலாம். இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் இருந்தால் அவன் தன் இரண்டு தோள் பலத்தை மட்டும்தான் நம்ப வேண்டும்.

யூ-லாக் (யூ வடிவ இரும்புப் பூட்டு) வாங்கினால் சின்னதாக வாங்குங்கள். பெரிய யூ-வுக்குள் நெம்புகோல் நுழைய இடம் இருக்கும். பின் சக்கரமும் ஃப்ரேமும் சேர்ந்து பூட்டுக்குள் வர வேண்டும். கருவி இல்லாமல், சின்ன லீவரை நெம்பியே கழற்றக்கூடிய முன் சக்கரத்தையும் சீட்டையும் தனியாகக் கழற்றிப் போவார்கள், அவற்றைக் கட்ட அந்தக் கேபிள் போதும். கேபிளுக்கு அந்த வேலை சரி.

11 ஜூன், இரவு 11.50

இரண்டு விட்டுப்போச்சு. அட்டைப் பெட்டி மேல் "பாதுகாப்பு 10க்கு 8" என்று போட்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட மார்க். பிரிட்டனில் 'சோல்டு செக்யூர்' என்று வெளியார் சோதித்துத் தரும் முத்திரை உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று நாலு படி. அது இருந்தால் மதிக்கலாம்.

உருண்டைக் குழாய் மாதிரிச் சாவி வரும் மலிவுப் பூட்டுகளையும் விடுங்கள். 2004ல் அமெரிக்காவில் அந்த வகைச் சாவித்துளையை ஒரு பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அழுத்தித் திருகியே திறந்து காட்டினார்கள். விற்ற கம்பெனி பூட்டுகளை மாற்றித் தர வேண்டியதாகிவிட்டது.

15 ஜூன், ஞாயிறு, மதியம் 1.30

சைக்கிளை எதோடு சேர்த்துப் பூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒன்றோடொன்று பின்னிப் பூட்டினால் போதாதா என்கிறீர்கள். ஒரு டெம்போ வந்தால் மூன்றையும் ஒரே மூட்டையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவான். வீட்டைவிட்டு நகராத ஒன்றில் கட்ட வேண்டும்.

சொந்த வீடென்றால் தரையிலோ சுவரிலோ ஆங்கர் போல்ட் அடித்து இரும்பு வளையம் வைக்கலாம். சுவரில் கவனம். நம் ஊரில் கட்டுவதெல்லாம் சிமெண்ட் பிளாக். அதில் பொள்ளல் பிளாக் என்றால் போல்ட் விரிந்து பிடிக்க உள்ளே சதையே கிடையாது. கடப்பாரையை விட்டு ஒரு உலுக்கு உலுக்கினால் பூச்சோடு பெயர்ந்து வரும். கான்கிரீட் தூண் எங்கே போகிறது என்று பார்த்து அதில் அடியுங்கள், கம்பியில் படாமல். வளையத்தைப் பொருத்திய பிறகு நட்டை யாரும் ஸ்பேனரால் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்துவிடுங்கள்.

தரை என்றால் அதைவிடக் கவனம். பெங்களூரு வீடுகளில் முக்கால்வாசிப் பேர் தண்ணீர் சம்ப்பை (நிலத்தடித் தொட்டி) கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழேதான் கட்டியிருப்பார்கள். மூடியை மட்டும் பார்த்து "சம்ப் அங்கேதானே" என்று ஆறடி தள்ளி டிரில் போட்டார் என் மைத்துனர். சம்ப் அங்கேயும் இருந்தது. துளை நேராகக் கூரையைக் கடந்து உள்ளே இறங்கிவிட்டது. அடைத்தபிறகும் கார் கழுவுகிற சோப்புத் தண்ணீர் குடிதண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. சம்ப்பை இறைத்து, உள்ளே ஆள் இறங்கிப் பூச வேண்டியதாயிற்று. வீடு கட்டியவரையோ ஓனரையோ கேட்டு, சம்ப் எந்த மூலையிலிருந்து எந்த மூலை வரை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

16 ஜூன், காலை 6.45

சரி, வாடகை வீடு, ஓனர் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார். அதற்கும் வழி இருக்கிறது. 20 லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்று வாங்குங்கள். நடுவில் 12 மில்லிமீட்டர் கம்பியை யூ-வாக வளைத்து, அடி நுனிகளை வெளிப்பக்கம் மடக்கி நிறுத்தி, கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு லிட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2.4 கிலோ. டப்பா நிறைந்தால் 48 கிலோ. காலி செய்யும்போது கூடவே கொண்டுபோகலாம்.

22 ஜூன், இரவு 10.10

போன வாரம் சொன்னதைத் திருத்துகிறேன். பெயின்ட் டப்பா உருண்டை. சாய்த்து உருட்டினால் 48 கிலோவும் பந்து மாதிரி கேட்டைத் தாண்டிப் போகும். பட்டறையில் ஒருவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. சதுரமாக ஊற்றுங்கள். பழைய பலகையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சட்டம், உயரம் 8 இஞ்ச். கணக்குப் போட்டால் 42 லிட்டருக்கு மேல், நூறு கிலோவைத் தொடும். இருவர் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், உருட்டவும் வராது. நிற்க வேண்டிய இடத்திலேயே ஊற்றிவிடுங்கள், பிறகு நகர்த்துவது கஷ்டம். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்தால் ஓனரின் டைல்ஸில் ஒட்டாது. சம்ப் மூடியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்த பிறகு சங்கிலி மாட்டுங்கள்.

29 ஜூன், ஞாயிறு, மாலை 5.00

கேமரா பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் வீட்டில் இரண்டு இருக்கின்றன, திருட்டுக்குப் பிறகு போட்டவை. கேமரா யாரையும் தடுக்காது, நடந்ததைக் காட்டும். அதையாவது உருப்படியாகக் காட்ட வேண்டுமே.

மாட்டுகிறவர்கள் எப்போதும் பத்தடி உயரத்தில்தான் மாட்டுவார்கள், யாரும் உடைக்கக் கூடாதென்று. அங்கிருந்து பார்த்தால் தொப்பியின் உச்சிதான் தெரியும். டிசம்பர் ஜனவரியில் இந்த ஊரில் யார் தலையில் குரங்குக் குல்லாய் இல்லை? ஒன்று உயரத்தில் இருக்கட்டும். இன்னொன்று கேட் ஓரத்தில் முக உயரத்தில், கம்பிக் கூண்டுக்குள் இருக்கட்டும், கேட்டைத் திறக்க அவன் குனிந்து நிமிரும் இடத்தைப் பார்த்து.

இரவில் அகச்சிவப்பு விளக்கு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினால் படம் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி இருக்கும். அந்த விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸின் மேல் வலை கட்டும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் போனில் எச்சரிக்கை அடிக்கும். நாலு நாள் பார்த்துவிட்டு எச்சரிக்கையை அணைத்துவிடுவோம். அணைத்த வாரத்தில்தான் ஆள் வருவான். வாரம் ஒரு முறை பழைய பெயின்ட் பிரஷ் கொண்டு துடையுங்கள்.

ரெக்கார்டர் ஷெட்டுக்குள் இருக்கக் கூடாது, வீட்டுக்குள் பீரோ மேலே இருக்கட்டும். கரண்ட் போனாலும் ஓட யூ.பி.எஸ்ஸில் மாட்டுங்கள், இன்டர்நெட் ரூட்டரையும் சேர்த்து.

2 ஜூலை, காலை 8.15

ரெக்கார்டரின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். என்னுடையது 47 நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, நேற்றுத்தான் பார்த்தேன்.

13 ஜூலை, ஞாயிறு, இரவு 8.30

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், "இப்போது இரும்பு வெட்டும் பேட்டரி கிரைண்டர் வந்துவிட்டதே, எந்தப் பூட்டும் ஒரு நிமிஷம்தானே, பிறகு எதற்கு இவ்வளவு?" என்று கேட்கிறார்.

நல்ல பூட்டுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆகும், ஆனால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கிரைண்டருக்கு முன் நிற்கிற பூட்டை நான் பார்த்ததில்லை. தினமும் அதைப் பிடிக்கிறவன் சொல்கிறேன். ஆனால் அது ஊரைக் கூட்டும், பொறி பறக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தோடு வேலை செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது என்றுதான் முதலில் எழுத நினைத்தேன்.

பிறகு யோசித்தேன். பகலில்? பெங்களூரில் எந்தத் தெருவில் வீடு கட்டாமல் இருக்கிறார்கள்? காலை பத்து மணிக்கு எங்காவது டைல்ஸ் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கிரைண்டர் சத்தம் கேட்டு யாரும் ஜன்னல் பக்கம்கூட வருவதில்லை. ஆகவே உங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஆபத்தான நேரம் ராத்திரி அல்ல தம்பி. வேலைக்கும் பள்ளிக்கும் எல்லோரும் போன பிறகு கேட் திறந்து கிடக்கிற பகல்தான். ஓனரிடம் மெதுவாகப் பேசி, கேட் தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் போடச் சொல்லுங்கள். எதிர்வீட்டு ஆயாவிடம் "இன்றைக்கு எங்கள் வீட்டில் வேலை எதுவும் நடக்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும் ஒரு அம்மா இருக்கிறார். தெரியாத ஆள் நுழைந்தால் "யாரப்பா, யாரைப் பார்க்கணும்?" என்று தமிழிலும் கன்னடத்திலும் கேட்டுவிடுவார். அவர் ஊருக்குப் போகிற வாரம் எனக்கு நிம்மதியே இருக்காது.

இன்னொன்று: கிரைண்டர், கடப்பாரை, ஏணி எதையும் ஷெட்டிலோ வெளியிலோ கைக்கு எட்டும்படி விட்டு வைக்காதீர்கள். நம் வீட்டை உடைக்க நம் கடப்பாரையே போதும். ஏணியைப் படுக்கவைத்துச் சுவரோடு சங்கிலி போடுங்கள், இல்லாவிட்டால் அது மாடி ஜன்னலுக்குப் போகும் வழி.

20 ஜூலை, ஞாயிறு, காலை 11.00

போலீஸ் விஷயம். என் வழக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், 457, 380 பிரிவுகளில் பதிவானது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. சாதாரணத் திருட்டு 303, வீட்டுக்குள் புகுந்து திருடினால் 305, ராத்திரி வீட்டை உடைத்தால் 331ம் சேரும். வெறும் 303க்கு 3 வருஷம் வரை, 305க்கு 7 வருஷம் வரை. ஆகவே புகார் எழுதும்போது "சைக்கிள் காணவில்லை" என்று எழுதாதீர்கள். எங்கே இருந்தது, எந்தக் கேட், எந்தப் பூட்டு, எதை எப்படி உடைத்தார்கள் என்று எழுதுங்கள். 'காணவில்லை' என்றால் தொலைந்த பொருள் கணக்கில் போய்விடும்.

5,000 ரூபாய் விவகாரம் ஒன்று இருக்கிறது. 303ன் கீழ் திருடு போன பொருளின் மதிப்பு 5,000க்குக் கீழே என்றால் போலீஸ் தானாக எடுத்து விசாரிக்கக்கூடிய குற்றமாக அது வராது. பழைய சைக்கிளானாலும் பில் கையில் இருந்தால் மதிப்பைக் காட்டலாம். வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வருவதுண்டு, அங்கேயும் பில்தான் முதல் கேள்வி.

புகாரை ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் துணைக் கமிஷனருக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம். கேமராப் படத்தைக் கொடுக்கும்போது மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழும் சேர வேண்டும். முன்பு 65பி என்றார்களே, அது இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ம் பிரிவில் வருகிறது. ரெக்கார்டரில் பழைய படம் அழிந்து புதிது ஏறுவதற்கு முன்னால், அன்றைக்கே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, மதியம் 3.40

"உங்கள் பெண்ணின் சைக்கிள் கடைசியில் கிடைத்ததா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன், இந்த இழையில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

புகார் கொடுக்கப் போனபோது ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரேம் நம்பர் என்ன?" எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பில் எங்கே என்றார்கள். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. வாங்கிய கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். "கறுப்பு நிற கியர் சைக்கிள் ஒன்று" என்று எழுதிக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, அக்டோபரில் போன் வந்தது. ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள், சைக்கிள்கள் கிடைத்திருக்கின்றன, வந்து அடையாளம் காட்டுங்கள் என்று. பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் பின்புறம் வேப்பமரத்தடியில் இருபதுக்கு மேல் நின்றன. அதில் அதே கம்பெனி, அதே மாடல், அதே கறுப்பு, மூன்று. ஸ்டிக்கர் எல்லாம் சுரண்டியிருந்தது. கைப்பிடி உறை மாறியிருந்தது. என் பெண் ஒன்றின் சீட்டைத் தொட்டு, "இதுதான்பா" என்றாள். எழுத்தர், "இன்னொரு குடும்பமும் காலையில வந்து இதையேதான் சொன்னாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. தன் பொருள் கண் முன்னால் நிற்கிறது, அது தன்னுடையது என்று சொல்ல ஒரு அத்தாட்சி இல்லை. அந்த அரைமணி நேரம் திருட்டுப்போன காலையைவிடக் கொடுமையாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி, என் பெண் போனில் பழைய படங்களையெல்லாம் தள்ளிக்கொண்டே போனாள். 2022 ஆயுத பூஜை. வாசலில் வண்டிகளைக் கழுவி வைத்திருக்கிறோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து அவள் செயினுக்கு எண்ணெய் விடுகிறாள், அவள் அத்தை படம் எடுத்திருக்கிறார். பெடல் அச்சு போகும் அந்த உருண்டைக் குழாயின் அடிப்பக்கம் வெயிலில் பளபளக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அதில் பொறித்த எழுத்தும் எண்ணும். முதல் பாதி மேல் சந்தனம் வழிந்திருக்கிறது. கடைசி ஐந்து இலக்கம் தெளிவாக இருந்தது.

மறுநாள் ஸ்டேஷனில் மூன்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். அவள் தொட்டது இல்லை, அதற்குப் பக்கத்தில் நின்றதுதான் எங்களுடையது. அந்த ஐந்து இலக்கமும் பொருந்தின. மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி, உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவர ஐந்து வாரம் ஆயிற்று. வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, கேட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

ஆகவே தம்பி, சங்கிலிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மூன்று சைக்கிளையும் கவிழ்த்து நம்பரைப் படம் எடுங்கள். சிலவற்றில் சீட் குழாயின் அடியிலோ ஹேண்டில் பக்கத்துக் குழாயிலோ இருக்கும். நம்பர் தனிப் படம், முழுச் சைக்கிளோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்று, பில்லின் படம் ஒன்று. மூன்றையும் உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை, பைசா செலவில்லை.

4 ஆகஸ்ட், இரவு 9.00

ஏர்டேக் மாதிரி, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்ன வில்லை ஒன்றைச் சைக்கிளில் வைக்கலாமா? வைக்கலாம், எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். அது தானே செயற்கைக்கோளோடு பேசுவதில்லை. அக்கம்பக்கத்தில் போகிற ஐபோன்கள் அதன் புளூடூத்தைக் கேட்டுச் சொன்னால்தான் இடம் தெரியும். இரும்புக் குழாய்க்குள் திணித்தால் சிக்னல் செத்துவிடும். சீட்டின் அடியிலோ தண்ணீர்ப் பாட்டில் தாங்கியின் அடியிலோ நல்லது. பேட்டரி ஏறக்குறைய ஒரு வருஷம். தெரியாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கும் அது எச்சரிக்கை அனுப்பும், ஆள் பின்தொடர்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. இடம் தெரிந்தாலும் தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். 112க்கு அடியுங்கள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு, மாலை 4.20

திண்டுக்கல்காரர் ஒருவர் "எங்க ஊர்ப் பூட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்று வருத்தப்பட்டிருந்தார். நியாயம்தான். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, கையால் லீவர் அறுத்துச் செய்வது. என் அப்பா பின்னி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் திண்டுக்கல் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த மாங்காய்ப் பூட்டு இன்னும் எங்கள் அரிசிப் பெட்டியில் இருக்கிறது. சாவியை நுழைத்தால் உள்ளே ஒவ்வொரு லீவராக ஏறி உட்காரும் சத்தத்தைக் காதால் எண்ணலாம். கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறவனுக்கு அது எமன். ஆனால் ஷெட்டுக்கு வருகிறவன் சாவித்துளை பக்கமே பார்ப்பதில்லை. அவனுக்குக் கொண்டியும் ஸ்க்ரூவும்தான் குறி. நல்ல கொண்டி அமைத்துவிட்டுத் திண்டுக்கல் பூட்டைப் போடுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பெருமை சேர்க்கும்.

திருட்டு நடந்த அந்த ராத்திரி அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளும் அதே ஷெட்டில்தான் நின்றது. பின் சக்கரத்தில் பழைய வளையப் பூட்டு, சாவி தொலைந்து பல வருஷம். அதைத் தொடவில்லை. 20 கிலோ சைக்கிளைப் பூட்டோடு தூக்கிக்கொண்டு ஓட முடியாதே. அந்த வளையப் பூட்டை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்வேன்: எதிலும் கட்டாவிட்டாலும் அது உருட்டிக்கொண்டு போவதைத் தடுக்கிறது. பையனின் சின்னச் சைக்கிளுக்கு ஒன்று மாட்டிவிடுங்கள், ஐந்து நிமிஷம் கடைக்குள் போனாலும் பழக்கத்தில் அவனே பூட்டுவான்.

7 செப்டம்பர், ஞாயிறு, காலை 10.30

ஃப்ளாட்களில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஸ்டில்ட் பார்க்கிங்கில் (கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்தும் இடம்) தூசி படிந்து, டயர் இறங்கி நிற்கிற சைக்கிள்கள்தான் முதலில் போகும். காணோம் என்று தெரியவே ஆறு மாதம் ஆகும், அதற்குள் ரெக்கார்டரில் படம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண் எழுதிய அட்டை கட்டி, யாரும் உரிமை கோராததை அசோசியேஷன் தனியே எடுத்து வைக்கட்டும். வெளியே போகும் சைக்கிளை வாட்ச்மேன் அட்டையைப் பார்த்து விடட்டும்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்களும் கேளுங்கள். பில் இல்லை, நம்பர் சுரண்டியிருக்கிறது, விலை மட்டும் பாதி என்றால் கையை எடுத்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 317ம் பிரிவில் குற்றம். அதையும் தள்ளி வையுங்கள், எங்கேயோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும் சைக்கிள் அது.

30 செப்டம்பர், செவ்வாய், இரவு 9.45

தம்பி, உங்கள் படங்கள் வந்தன. கான்கிரீட் கட்டை நன்றாக வந்திருக்கிறது, கம்பி நேராக நிற்கிறது. ஓனரும் தன் ஸ்கூட்டரை அதிலேயே பூட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ரொம்பச் சந்தோஷம். இனி கேட் ஸ்பிரிங் பற்றிப் பேசுவது சுலபம்.

நம்பர் படங்களில் உங்களுடையதும் மனைவியுடையதும் சரி. பையன் சைக்கிளில் மூன்றாவது எழுத்து 8ஆ 'பி'யா என்று தெரியவில்லை, பெயின்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. நாளை ஆயுத பூஜைக்கு எப்படியும் கழுவுவீர்கள். கழுவித் துடைத்ததும், சந்தனம் வைப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து விரலால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை நிற்கும், எழுத்து தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.